ஐந்தாம் தேதிப் பணம்

என் அக்காவுக்குக் கன்னத்தில் புற்றுநோய் என்று தெரியவந்த 2010ஆம் ஆண்டில் அவருக்கு வயது 58. அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து ஓராண்டு நன்றாக இருந்தார். அதன் பிறகு கட்டி திரும்பவும் வளர்ந்து, கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே புண்ணாக வெடித்தது. மருத்துவமனையில், “இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலைப் போட்டு, மூக்கில் குழாயோடு அவரைப் படுக்கவைத்தோம். வலியைவிட அவரை வதைத்தது நாற்றம்தான். ஊதுவத்தி ஏற்றினோம், டெட்டால் விட்டுத் தரையைத் துடைத்தோம், ஜன்னல்களை இரவும் பகலும் திறந்தே வைத்தோம். எதற்கும் அது அடங்கவில்லை. பார்க்க வருகிறவர்களை அக்காவே கையால் சைகை காட்டித் தள்ளி நிற்கச் சொல்வார். அவர் தூக்கி வளர்த்த பேரன் வாசற்படியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, புதுச்சேரியிலிருந்து வீடு தேடி வரும் ஒரு பராமரிப்புக் குழுவின் சிஸ்டர் வந்தார். புண்ணைப் பார்த்து முகம் சுளிக்காமல், கொதித்து ஆறிய உப்பு நீரால் மெல்லக் கழுவினார். காய்ந்து ஒட்டியிருந்த துணியைப் பிய்த்தெடுக்காமல், நனைத்து ஊறவைத்து எடுத்தார். பிறகு மெட்ரோனிடசோல் மாத்திரைகளை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து மாவாகப் பொடித்து, திருநீறு தூவுவதைப் போலப் புண்ணின் மேல் தூவி, காஸ் துணியால் மூடினார். தினமும் இப்படியே செய்ய வேண்டும் என்று என் கையைப் பிடித்தே காட்டிக்கொடுத்தார். நான்காம் நாள் நாற்றம் பெருமளவு குறைந்திருந்தது. ஐந்தாம் நாள் மாலையில் பேரன் உள்ளே வந்து, கட்டிலில் ஏறி, பாட்டியின் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான். சில ரூபாய் மாத்திரை அது. செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்ட வீட்டில் செய்வதற்கு எவ்வளவு இருந்தது என்பதை நான் அறிந்துகொண்டது அன்றுதான்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். எங்கள் வீட்டில் அக்காவின் ஏர் பெட்டைப் பற்றித்தான் கவலை. மின்சாரம் போனதும் மோட்டார் நின்று, காற்றெல்லாம் இறங்கி, அது வெறும் ரப்பர் விரிப்பாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பில் படுக்கைப்புண் வந்துவிடும். நானும் அண்ணன் மகளும் இரண்டு இரவு தாக்குப்பிடித்தோம். மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மா கையில் டார்ச்சோடு வந்து, “நீங்க படுங்க டீச்சர், பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் சொல்லி, தெருவில் மேலும் ஐந்து பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் கூரை போயிருந்தது, அல்லது தண்ணீர் இல்லாதிருந்தது. மின்சாரம் திரும்பும் வரையில் ஒரு முறை கூட முறை தவறவில்லை. தை மாதக் கடைசியில் அக்கா காலமானபோது அவர் முதுகில் ஒரு புண் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஆறு பேரும் நானுமாக ஏழு பேர் பேசிக்கொண்டதில் தொடங்கியதுதான் எங்கள் ஏற்பாடு. அக்காவைப் போல நோய் முற்றி வீட்டில் கிடப்பவர்களின் பராமரிப்புக்காக ஆளுக்கு மாதம் 100 ரூபாய். ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். சம்பளமும் பென்ஷனும் வந்து, பால்காரருக்கும் மளிகைக்கும் கொடுத்த கையோடு இதையும் எடுத்துவைத்துவிட்டால்தான் உண்டு, பத்தாம் தேதிக்கு மேல் எந்த வீட்டிலும் 100 ரூபாய் தனியாக நிற்காது. இன்று 43 பேர் இருக்கிறோம். பூ கட்டுகிறவர்கள், தையல்காரர், இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியைகள், துறைமுகத்தில் மீன் வாங்கி விற்கிற அம்மா ஒருவர், வங்கியில் வேலை செய்கிற பெண் ஒருவர். பதின்மூன்று ஆண்டுகளில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, இதே எண்ணம் உள்ள பெண்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலாவதும் முக்கியமானதும், தொகை சிறிதானாலும் மாதம் தவறக் கூடாது என்பது. நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்த்துக்கொள்கிற வலி நிவாரணப் பராமரிப்பில் பெரிய செலவு கட்டடத்துக்கோ கருவிக்கோ அல்ல. வீடு வீடாகப் போகிற சிஸ்டரின் சம்பளத்துக்கும், வண்டியின் பெட்ரோலுக்கும், ஓட்டுநருக்கும்தான். இவை மாதா மாதம் வந்து நிற்கிற செலவுகள். ஆனால் நன்கொடை கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் பெயர் எழுதக்கூடிய பொருளைத்தான் கொடுக்க விரும்புகிறார்கள். நாங்கள் ஆதரிக்கிற குழுவின் ஸ்டோர் ரூமில் பெயர் பொறித்த சக்கர நாற்காலிகள் பல நிற்பதையும், அதே மாதம் பெட்ரோலுக்குப் பணமில்லாமல் நெல்லிக்குப்பம் பக்கம் போக வேண்டிய வண்டி வாரத்தில் ஒரு நாள் நிறுத்தப்பட்டதையும் நானே பார்த்திருக்கிறேன். இந்தப் பராமரிப்பு தேவைப்படுகிறவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்குத்தான் அது கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மீதிப் பேருக்குக் கிடைக்காமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. எங்கள் ஊரைப் பொறுத்தவரை, வாசல் வரை போய்ச் சேர ஆள் இல்லாததும் வண்டி இல்லாததும் அவற்றில் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்று வரை அணையவில்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். யாரோ ஒரு பெரிய மனிதர் ஒருமுறை மூட்டை மூட்டையாக அரிசி கொடுத்ததால் மட்டும் அது எரிந்துகொண்டிருக்கவில்லை. அன்றிலிருந்து இன்று வரை, பெயர் தெரியாத எத்தனையோ வீடுகளிலிருந்து அரிசியும் பருப்பும் காய்கறியும் வந்துகொண்டே இருப்பதால் எரிகிறது. எங்களில் புதிதாகச் சேருகிறவரிடம், “அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிற வேலை இது, அதனால் உங்களால் நிறுத்தாமல் கொடுக்க முடிகிற தொகையை மட்டும் சொல்லுங்கள்” என்போம். 500 ரூபாய் என்று ஆசையாகத் தொடங்கி மூன்றாம் மாதத்தில் சங்கடப்பட்டு ஒதுங்கிப்போனவர்கள் உண்டு. 50 ரூபாயில் தொடங்கிய பூக்காரம்மா ஒரு மாதமும் தவறியதில்லை.

இரண்டாவது பாடத்தை எங்கள் தவறிலிருந்து கற்றோம். முதலாண்டு அக்காவின் நினைவு நாளில் ஏழு பேரும் விடியற்காலையில் எழுந்து, நெய் வழிய வழியச் சர்க்கரைப் பொங்கலும் வடையும் செய்து, புதுச்சேரியில் இருபது பேர் படுக்கையில் இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்துக்குப் பேருந்தில் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாயிலோ தொண்டையிலோ புற்று; குழாய் வழியாக நீராகாரம் மட்டுமே. நாங்கள் வாளியைத் திறந்ததும் அறை முழுக்க நெய்யும் ஏலக்காயும் மணந்தது. ஒரு பெரியவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். என் சொந்த அக்காவை மூன்று மாதம் குழாயில் பாலும் கஞ்சியும் ஊற்றிப் பார்த்துக்கொண்ட எனக்கே அது முன்கூட்டித் தோன்றவில்லை என்பதை நினைத்து, திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். அங்கிருந்த சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. வாளியை வெளியே வராந்தாவுக்கு எடுத்துப்போய், நோயாளிகளுக்குத் துணையாக இருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து உட்காரவைத்துப் பரிமாறினார். அவர்களில் ஒரு பெண், தான் சூடாகச் சாப்பிட்டு எட்டு நாளாயிற்று என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டு வழக்கங்கள் நிலைத்தன. ஒன்று, எதை வாங்குவது என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. மாதக் கடைசியில் சிஸ்டர் ஒரு பட்டியல் அனுப்புவார். அதில் உள்ளதைத்தான் வாங்குகிறோம். பெரியவர்களுக்கான டயப்பர், காஸ் ரோல், ஒருமுறை பயன்படுத்தும் கையுறை, சிறுநீர்ப் பை, மலச்சிக்கலுக்கான மருந்து என்று பார்ப்பதற்கு அழகில்லாத பட்டியலாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். டயப்பரில் அளவு தெரியாமல் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். நோய் முற்றியவர்கள் பெரும்பாலும் இளைத்துப்போயிருப்பார்கள், பெரிய அளவு வாங்கினால் இடுக்கு வழியாக ஒழுகி, புண்ணைத்தான் கூட்டும். இன்னொன்று, பார்த்துக்கொள்கிறவருக்கென்று தனியாக ஒரு பங்கு ஒதுக்குகிறோம். அந்த இடத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு பெண், மனைவியோ மகளோ மருமகளோ. நோயாளிக்காகக் கொடுக்கப்படும் எதுவும் அவர் வயிற்றுக்கோ அவர் இழந்த கூலிக்கோ போய்ச் சேர்வதில்லை. நாள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த பெண் நான்கு மாதம் வீட்டிலேயே இருந்தால் அந்த வீட்டில் அரிசி எப்படி வரும் என்பதை யாரும் கேட்பதில்லை. மாதம் ஒரு மளிகைப் பை, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், மருத்துவமனைக்குப் போய்வரப் பேருந்துக் காசு, எங்களில் ஒருவர் போய் உட்கார்ந்துகொண்டு அவரை இரண்டு மணி நேரம் தூங்கவிடுவது ஆகியவற்றை, மருந்துக்கு இணையாக நாங்கள் மதிக்கிறோம்.

2021 ஆகஸ்ட் முதல் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டு வாசலுக்கு வருகிறது. அதனால் எங்கள் பணம் தேவையற்றதாகிவிடுமோ என்று சிலர் கேட்டார்கள். அப்படி ஆகவில்லை, அரசுச் செவிலியர் வந்துபோகிற வீட்டில், அவர் எழுதிக்கொடுத்த பொருளை வாங்கிச் சேர்க்கவும், இடைப்பட்ட நாட்களில் எட்டிப்பார்க்கவும் ஆள் வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்தவுடன் முதலில் அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்; அரசு தருவதை வாங்கிக்கொண்டு, மீதிக்கு உங்கள் பணத்தைச் செலவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை, கணவரை இழந்த ஒரு பெண் ஒரு டிபன் பாக்ஸ் நிறைய மீந்த மாத்திரைகளைக் கொண்டுவந்து, “வேற யாருக்காவது வலி இருந்தா குடுங்கம்மா, வீணாப் போகக் கூடாது” என்றார். அவற்றில் மார்ஃபின் மாத்திரைகளும் இருந்தன. அவருடைய மனம் புரிந்தது. ஆனாலும் வாங்க மறுத்தோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் வலியில் துடிக்கிறவர்களுக்கே மார்ஃபின் கிடைப்பது நெடுங்காலம் அரிதாக இருந்தது. 2014இல் அது திருத்தப்பட்ட பிறகுதான், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வாங்கி வைத்துக் கொடுப்பது எளிதாயிற்று. ஒவ்வொரு மாத்திரைக்கும் அங்கே கணக்கு உண்டு. மீந்ததைக் கொடுத்த இடத்திலேயே திருப்பி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டுமே தவிர, நாமாக இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. ஒருவருக்கு எழுதிய அளவு இன்னொருவருக்கு ஆபத்தாகவும் முடியலாம். அதே பெண்ணோடு நான் கூடவே போய் ஒப்படைத்துவிட்டு வந்தேன். மார்ஃபின் கொடுத்தால் பழக்கமாகிவிடும், சீக்கிரம் உயிர் போய்விடும் என்று பயந்து மாத்திரையை ஒளித்துவைக்கிற வீடுகளை இன்றும் பார்க்கிறேன். மருத்துவர் சொன்ன அளவில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திருக்காமல் கொடுத்தால் அது நிம்மதியாகத் தூங்கவைக்கிறது என்பதை அக்காவின் கட்டிலருகே இருந்து பார்த்தவள் என்ற முறையில் அந்த வீடுகளில் சொல்கிறேன்.

துக்கத்தில் இருப்பவரிடமிருந்து பெரிய நன்கொடை வாங்குவதில்லை என்பது எங்கள் விதி. தாயைப் பறிகொடுத்த ஒரு பெண், பத்தாம் நாளே காதிலிருந்த தோட்டைக் கழற்றி என் கையில் வைத்தார். எங்களில் இரண்டு பேர், அவர் மனது நோகக் கூடாது, வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அதைப் பற்றி அன்று நெடுநேரம் பேசினோம். கடைசியில், “ஒரு வருஷம் போகட்டும், அப்பவும் குடுக்கணும்னு தோணினா வாங்கிக்கறோம்” என்று சொல்லி, அவர் காதிலேயே போட்டுவிட்டோம். வருடம் கழித்து வந்தார். தோட்டைக் கொடுக்கவில்லை, தையல் கூலியிலிருந்து மாதம் 50 ரூபாய் கொடுக்கிறேன் என்றார். ஆறு ஆண்டுகளாகக் கொடுக்கிறார். அந்தத் தோடு அவருடைய மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அடகுக் கடைக்குப் போய், மீண்டும் வந்துவிட்டது.

கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுடையது பதிவு செய்த அறக்கட்டளை அல்ல. தெருவில் ஒருவரையொருவர் அறிந்த பெண்களின் சேமிப்பு. அதனால் பொதுமக்களிடம் வசூல் செய்வதில்லை. இரண்டு பேர் கையெழுத்தில்லாமல் பணம் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு ஒன்றும், வரவு செலவு நோட்டு ஒன்றும் இருக்கின்றன. நோட்டு யார் வீட்டுக்கும் போகலாம், யாரும் புரட்டிப் பார்க்கலாம். வருமான வரிச் சலுகை வேண்டும் என்கிறவர்களை, நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் அங்கீகாரம் (80ஜி என்று சொல்வார்கள்) உள்ள பராமரிப்பு நிறுவனத்துக்கே நேரடியாக அனுப்பச் சொல்கிறோம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. நிறுவனத்திடம் நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழ்கிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. என் சித்தி முறையாகும் ஒருவர், கணவரின் பிரெஞ்சு பென்ஷனில் வாழ்கிறவர், 25,000 ரூபாயை எங்கள் கணக்கில் போட்டுவிட்டார். தமிழ் பேசிக்கொண்டு பக்கத்து ஊரில் இருந்தாலும், சட்டப்படி அவர் வெளிநாட்டுக் குடிமகள். அவர் கொடுப்பது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்குரிய பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. எங்கள் வங்கிப் பெண் பார்த்துச் சொன்னதால் உடனே திருப்பி அனுப்பினோம். அந்தப் பதிவுள்ள நிறுவனங்களுக்கு, டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாக மட்டுமே இத்தகைய பணம் வர வேண்டும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிற மகள் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இதில் சேராது. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரும் வாங்கிவிட வேண்டாம்.

சித்திக்கு வருத்தம்தான். ஆனாலும் பணத்துக்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாள் தன் நேரத்தைத் தருகிறார்; பராமரிப்பு இல்லத்துக்குப் போய்ப் பெண்களுக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறார். அவர்தான் எனக்கு ழான் கார்னியே என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னார். கணவரையும் இரண்டு குழந்தைகளையும் இளம் வயதிலேயே இழந்த அவர், பிரான்ஸின் லியோன் நகரில் 1842இல் தன்னைப் போன்ற விதவைகளைச் சேர்த்துக்கொண்டு, மரணப் படுக்கையில் இருந்த ஏழைப் பெண்களைத் தேடிப்போய்ப் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம் தொடங்கினாராம். நான் பதிலுக்கு முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிச் சொன்னேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டி, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இன்றும் அந்தச் சங்கத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்தே வைத்திருக்கிறது. சித்தியும் நானும் அன்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் அக்காவின் நினைவு வந்தது.

கொடுக்கும்போது புகைப்படம் எடுப்பதில்லை. பணம் கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது, ரசீதை மட்டும் காட்டினோம். கன்னத்தில் ஓட்டையோடு அக்கா இருந்த நாளில் யாராவது போன் தூக்கியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நோயாளி இறந்த பிறகு அந்த வீட்டை உடனே விட்டுவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் வரை கூட்டம் இருக்கும். அதன் பிறகுதான் மருந்துக் கடைப் பாக்கியும் வட்டிக்காரரும் வருவார்கள். நாங்கள் மூன்று மாதம் மளிகைப் பையை நிறுத்துவதில்லை. அதற்குள், இறப்புச் சான்றிதழ் வாங்க, வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப்போட, ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க எங்களில் ஒருவர் கூடப் போகிறார். கடனாகக் கொடுத்த கட்டிலையோ ஏர் பெட்டையோ கேட்டு ஒரு மாதத்துக்கு யாரும் போன் செய்வதில்லை; அவர்களே கொண்டுவந்து கொடுத்தால், பிளீச்சிங் கரைசலில் துடைத்து வெயிலில் காயவைத்து, மோட்டாரை ஒருநாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறோம். ஏர் பெட்டோடு, மின்சாரம் நின்றால் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்பதையும் கட்டாயம் செய்துகாட்டிவிட்டுத்தான் வருகிறோம்.

இம்மாதப் பட்டியல் நேற்றிரவு வந்தது. நடு அளவு டயப்பர் ஆறு பாக்கெட், காஸ் ரோல் பன்னிரண்டு, மெட்ரோனிடசோல் மாத்திரை நான்கு அட்டை, தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டுக்குக் குழாய்க் கஞ்சி அரைக்கச் சிறிய மிக்ஸி ஒன்று, பண்ருட்டிப் பக்கம் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குத் தேர்வு நாட்களில் துணைக்கு ஓர் ஆள். கடைசி வரிக்கு எதிரே பூக்காரம்மா தன் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார்.